ஊசிப் படிவத்தில் கைச்சாத்து வைக்காத வாப்பாமாருக்கு

தரம் 6 பெண்பிள்ளைகளின் ஊசிப் படிவங்கள் சில கைச்சாத்து இல்லாமலே திரும்பி வந்திருக்கின்றன. ஹந்தானைத் தோட்டத்துத் தாய்மார் எப்போதோ தந்துவிட்டார்கள். பாக்கி இருப்பது எங்கட ஆட்கள்தான். "எங்கட பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், எதற்கு இந்த ஊசி?" என்று ஒரு வாப்பா கேட்டார். அதற்காகத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம்.

வைரஸால் கென்சர் வருமா? வரும். எச்.டி.எல்.வி-1 என்று ஒன்று, தென்மேற்கு ஜப்பானில் அதிகம். அது தன் மரபணுவை நம் வெள்ளை இரத்த அணுவின் மரபணுவுக்குள்ளேயே சேர்த்துவிடும். அணு இரண்டாகப் பிரிந்தால் வைரஸும் கூடவே இரண்டாகும். தாய்ப்பால், இரத்தம், தாம்பத்தியம் வழியாகப் பரவும். பால்குடிப் பருவத்தில் தொற்றியது, பல பத்து வருடங்கள் கழித்து ஒரு சிலருக்கு இரத்தப் புற்றுநோயாக வெளிவரும். அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்குப் போடுவது வேறு குடும்பத்து வைரஸான எச்.பி.வி.க்கு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அதுதான் காரணம். பெரும்பாலானோரின் உடல் ஓரிரு வருடத்தில் அதை அகற்றிவிடும். சிலரில் தங்கிவிடும், பத்து இருபது வருடம் சத்தமே இருக்காது. இதற்கு ஊசி இருக்கிறது. 2017 முதல் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். தொற்று வருமுன் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயதில்.

ஒழுக்கத்துக்கு வருவோம். கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் கணவன் வழியாக இது வரலாம். பெரும்பாலும் அவனுக்கே தெரியாது. மாப்பிள்ளையின் தொழில், குடும்பம் எல்லாம் விசாரிக்கிறோம். இதை யாரிடம் விசாரிப்பது?

அடுத்தது, "பிள்ளைப்பேறு இல்லாமல் போகும்" என்று சுற்றும் வொய்ஸ் மெசேஜ். அப்படி எந்த ஆய்வும் காட்டவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்று சொல்லித்தானே கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள்? அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அந்தக் கதையால் அடிபட்ட நாங்களே இன்று அதே கதையை ஃபோர்வர்ட் பண்ணுகிறோம். வெட்கமாக இருக்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் ஊசி போடும் நாளில் வாருங்கள், எம்.ஓ.எச். டொக்டரிடமே கேட்கலாம். 35 வயதான உம்மாமார் சுவநாரி கிளினிக்குக்கும் போய்வாருங்கள், பெப் பரிசோதனை இலவசம். ஊசி போட்ட பிள்ளையும் அந்த வயதில் அங்கே போகத்தான் வேண்டும், ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் மறிக்காது.