தாயின் குருதி வகையும் சேயின் உயிரும்

தாய்மாரே, முதற்பிள்ளை சுகமாகப் பிறக்க, அடுத்த பிள்ளை கடும் மஞ்சட்காமாலையுடனும் குருதிச்சோகையுடனும் பிறப்பதுண்டு. ஊரார் இதைத் தாயின் விதி என்பர். விதியல்ல; குருதி வகை காரணமாயிருக்கலாம்.

தாய் றீசஸ் நெகற்றிவ், சேய் பொசிற்றிவ் எனின், பிரசவத்தில் சேயின் குருதி தாயின் உடலினுள் சேரக்கூடும். தாயின் உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கும். அவை அடுத்துவரும் பொசிற்றிவ் சேயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும்.

இதைத் தடுக்க 1968 முதல் அன்ரி-டி ஊசி உண்டு. பொசிற்றிவ் பிள்ளை பிறந்தால் 72 மணித்தியாலத்துள் போடவேண்டும். கருச்சிதைவின் பின்னரும் தேவைப்படலாம்.

2009 இன் இடப்பெயர்வில் பிள்ளை பெற்றவர்களிடமும் கருவை இழந்தவர்களிடமும் கிளினிக் அட்டையே இல்லாதிருக்கலாம். ஊசி போட்டதா என்பதும் தெரியாதிருக்கலாம். மீண்டும் கருவுற்றால் முதல் கிளினிக்கிலேயே குருதி வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலைந்த கருவைப் பற்றியும் குடும்பநல மாதுவிடம் மறைக்காமற் சொல்லுங்கள். அது வெட்கப்படவேண்டிய விடயமல்ல.

பிறபொருளெதிரி உண்டா எனக் குருதிப் பரிசோதனை காட்டும். உருவாகிவிட்டால் ஊசி பயன்தராது. எனினும் மருத்துவமனையின் தொடர் கண்காணிப்பில் இருந்தால் பிள்ளையைக் காப்பாற்ற வழியுண்டு.