குளிர்காலையில் மோட்டார் நிற்பது ஏன்?

பொங்கலுக்கு ஊர் செல்லும் சந்தாபுரா அன்பர்கள் இருட்டிலேயே புறப்படுவது வழக்கம். மார்கழி வைகறையில் பெங்களூரில் உஷ்ணம் 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். சாவியைத் திருப்பியதும் உறுமிய பெட்ரோல் வண்டி, தெருமுனையை எட்டுமுன் இருமி ஓய்ந்துவிடுகிறது. பலரும் பாட்டரியைத்தான் ஏசுவர். ஒருமுறை கிளம்பிவிட்ட யந்திரம் நின்றால், பாட்டரி பெரும்பாலும் குற்றவாளியன்று.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் எரியும். குளிர்ந்த யந்திரத்தில் அதன் ஒரு பகுதி ஆவியாகாமல் உட்சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடும். ஆகவே, சூடேறும்வரை பெட்ரோலைச் சற்று மிகுதியாகவே ஊட்டவேண்டும். அம்பாஸிடரிலும், 1983-இல் வெளிவந்த மாருதி 800-இன் தொடக்ககால வண்டிகளிலும் இதற்கென ‘சோக்’ குமிழை இழுத்துவைப்போம். அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் வண்டி நிற்கும். இன்றைய வண்டிகளில், குளிர்நீரின் உஷ்ணத்தை அறியும் சென்ஸாரைக் கேட்டுக் கணிப்பொறியே இதனைச் செய்கிறது. சென்ஸார் பொய்யுரைத்தாலும், காற்று புகும் த்ராட்டில் வாயிலில் கரி படிந்தாலும் பழைய கதைதான். கரியை நீக்குவது எளிய வேலை; மெக்கானிக்கிடம் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

ஓசூர் நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே யந்திரம் ஓய்வதோ பேராபத்து. ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் துணைவலு சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். விட்டு விட்டு மிதியாமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஓரம் சேருங்கள். அதற்கு முன், யந்திரம் சீராக ஓடும்வரை வாசலிலேயே ஓரிரு நிமிஷம் பொறுத்துப் புறப்படலாம். மூடிய கொட்டகைக்குள் மட்டும் வேண்டாம்: புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிர்கொல்லி, அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.