வரைபடத்தில் பக்கம், பயணத்தில் தூரம்!

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும், இடையே எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று இணையம் நொடியில் சொல்லிவிடும். சென்னை - யாழ்ப்பாணம் (பலாலி) என்று போட்டால் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறப்பதைவிடக் குறைவு!

கணக்கு சரிதான். ஆனால் இந்தக் கணக்கை நம்பி யாரும் பயணம் போக முடியாது.

2019 நவம்பர் வரை சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர் என்ன செய்தார்? முதலில் கட்டுநாயக்காவுக்குச் சுமார் 645 கிலோமீட்டர் பறந்தார். பிறகு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வந்தார். அதாவது, யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு! 355 கிலோமீட்டர் ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு மணி நேரச் சமாச்சாரம் ஒரு முழு நாளைத் தின்றது. ஊரில் ஒரு சாவு என்று தகவல் வந்தால், அந்த ஒரு நாள்தான் முகம் பார்ப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இது புதிய பாதையே அல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து சென்னைக்கு விட்டபோது, அது யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் போனது. பின்னால் போர் வந்தது, பலாலி ராணுவத்தின் கைக்குப் போனது. தூரம் ஒரு அடிகூட மாறவில்லை, பாதைதான் மூடிக்கொண்டது.

2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. நாலே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. மறுபடி தொடங்கியது 2022 டிசம்பரில். 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியது. திருச்சி - பலாலி வெறும் 185 கிலோமீட்டர்தான்!

இங்கே கொஞ்சம் வணிகவியல். குறுகிய தூரம் என்றால் டிக்கெட்டும் மலிவாக இருக்கும் என்று நினைப்பது தவறு. தரையிறங்கும் கட்டணம், விமான நிலைய வரி, மேலே ஏறும்போது குடிக்கும் எரிபொருள்... இவை தூரம் குறைந்ததால் அதே அளவுக்குக் குறைந்துவிடாது. இந்தப் பாதையில் பறக்கும் ஏடிஆர் 72 ரக விமானத்தில் எழுபது சொச்சம் இருக்கைகள். மொத்தச் செலவையும் அந்த எழுபது பேர்தான் சுமக்க வேண்டும். இருக்கை நிரம்பாவிட்டால் நிறுவனம் பாதையைக் கைவிடும், பாதை போனால் பழைய ஆயிரம் கிலோமீட்டர் திரும்பி வரும்.

எனவே இரு அரசுகளும் இதைச் சாதாரண லாப நஷ்டக் கணக்காகப் பார்க்கக் கூடாது. வரிகளைக் குறைத்தாவது, ஓடுபாதையைப் பெரிதாக்கியாவது இந்தச் சேவையைத் தொடர்ந்து ஓட வைக்க வேண்டும். பாலம் கட்டினால் முதல் நாளே லாபம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லையே!

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள உண்மையான தூரத்தை அறிய வேண்டுமா? கிலோமீட்டரை விடுங்கள். நாளைக் காலை கிளம்ப விமானம் இருக்கிறதா, அந்த டிக்கெட்டைச் சாதாரண ஆள் வாங்க முடியுமா... இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.