சாம்பல் கலக்கட்டும், கணக்கை எமக்குக் காட்டட்டும்

லயன் காம்பிராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும் எமது குடும்பங்களுக்கு, அந்த வீடு பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்க வேண்டும். ஆனால் மலையகத்து மழை கொங்கிரீட்டைச் சும்மா விடுவதில்லை. சீமெந்து தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது ஒருவகைச் சுண்ணாம்பும் உண்டாகிறது. சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, பெரும்பாலும் அது அந்தச் சுண்ணாம்புதான். அது கரைந்து வெளியேறிய இடத்தால் ஈரம் உள்ளே போகிறது, கம்பி துருப்பிடிக்கிறது.

இதற்கு உமிச் சாம்பல் நல்ல மருந்து. 1,000 கிலோ நெல்லைக் குற்றினால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறத்தாழ 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. அது அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து இறுகி, நுண்துளைகளை அடைக்கிறது. சீமெந்தில் 10 முதல் 15 சதவீதத்துக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாம். பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் ஆலைகளுக்குக் குறைவில்லை.

'நன்றாக எரிந்த' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சூடு 700 பாகைக்கு மேல் போகாமல் எரித்து, மாவாக அரைக்க வேண்டும். வெளியில் குவித்து எரித்த கறுப்புச் சாம்பல் தண்ணீரைக் குடிக்கும், பலம் தராது. எமது தேயிலைத் தொழிற்சாலை அடுப்புச் சாம்பலும் இதற்கு ஆகாது. அது விறகுச் சாம்பல், சிலிக்கா குறைவு. மரக்கறிப் பாத்திக்குப் போடலாம்.

ஆகவே எமது நிலைப்பாடு இது. சாம்பலை நாம் எதிர்க்கவில்லை. சீமெந்தைத் திருடுவதற்கு அது சாட்டாகக் கூடாது என்கிறோம். சாம்பல் சேர்த்த கொங்கிரீட் மெதுவாகவே பலம் பிடிக்கும். வழமையைவிடக் கூடுதல் நாட்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அவசரமாகப் பலகை கழற்றும் ஒப்பந்தகாரரிடம் இதை யார் பார்ப்பது? 28 நாள் பரிசோதனை அறிக்கை தமிழில் வீட்டுக்காரரின் கைக்கு வர வேண்டும். மிச்சமாகும் சீமெந்துப் பணம் அதே வீட்டின் கூரைக்கோ மலசலகூடத்துக்கோ போக வேண்டும். சாம்பல் அரைப்போருக்கும் கலப்போருக்கும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

இன்னொன்று. பரீட்சித்துப் பார்ப்பதென்றால் முதலில் அரசாங்கக் கட்டடங்களில் பார்க்கட்டும். புதிதாக எது வந்தாலும் தோட்டத்து வீட்டில்தான் தொடங்குவோம் என்றால், அதற்கு எமது தோட்டக் கமிட்டிகள் சம்மதிக்கப் போவதில்லை.