ஆயிரம் பிறையும் ஒரு பங்குக் கிணறும்

யாழ்ப்பாணத்து மாணவர்க்கு வார இறுதி என்றொன்று இல்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளில் அணியணியாகச் செல்வதைக் காண்பவர், பள்ளிக்கூடம் ஏழு நாளும் நடைபெறுகின்றது என்றே எண்ணுவர். அவர்கள் செல்வது தனியார் வகுப்புக்களுக்கு. இதனைக் குறைகூற எமக்கு வாயில்லை. நாமும் சனிதோறும் காலை எட்டு மணிக்கு ஒரு கொட்டகையில் நின்று நாற்பது பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுபவர்தாம்.

அத்தகைய நாம் சென்ற 2025 ஓகஸ்ட் மாதத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களையும் முழுதாகக் குடும்பத்துக்கென ஒதுக்கினோம். வகுப்பு இல்லையென்று பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பிய ஐந்து நிமிடத்துள் ஒரு மாணவனிடமிருந்து மறுமொழி வந்தது: "சேர், அடுத்த கிழமையும் வைக்காவிட்டால் குறையில்லை."

காரணம் எமது அன்னையார். அவர் பிறந்தது 1944 ஐப்பசியில். எண்பது வயதைக் கடந்து எட்டு மாதமும் சென்றால் ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்வது எம்மவர் வழக்கம். இதை எமது மகளிடம் கூறினோம். அவள் உயர்தரத்தில் கணிதம் கற்பவள். எதையும் வகுத்துப் பாராமல் நம்பாள். ஒரு பூரணைக்கும் அடுத்த பூரணைக்கும் இடையே சராசரி 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள், அதனை 365.25 ஆல் வகுத்தால் எண்பது ஆண்டும் ஏறத்தாழப் பத்து மாதமும் வருகின்றன. வழக்கிற்கும் வகுத்தலுக்கும் இரு மாத வேறுபாடு! "அப்பம்மா பிறந்த பிறகு வந்த பூரணைகளை எண்ணினால், ஆயிரமாவது ஓகஸ்ட் எட்டாந் திகதி, வெள்ளிக்கிழமை" என்றாள். உடனே இளையவன், "பிறை என்றால் பிறையைத்தானே எண்ண வேண்டும்?" என்று குறுக்கிட்டான். நியாயமான வினா. ஆயின் பிறையை எண்ணினால் இன்னும் இரு வாரம் காத்திருத்தல் வேண்டும். கனடாவிலிருந்து வந்திருந்த எமது அண்ணரின் விடுப்பு அதற்கு இடந்தராது. எனவே பூரணையே பிறையாயிற்று.

போயா என்றவுடன் அன்னையார் தம் இளமைக்குத் திரும்பிவிட்டார். இன்றைய மாணவருள் பலர் அறியாத செய்தி இது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளன்று. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமி என மாதத்தில் வரும் நான்கு போயா நாட்களும் அவற்றிற்கு முந்திய நாட்களுமே சனி ஞாயிறுக்குப் பதிலாக வைக்கப்பட்டிருந்தன. சந்திரன் நாட்காட்டியைப் பார்த்து நடப்பவனல்லன் ஆதலின், ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையே சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு நாள். அன்னையார் அக்காலத்தில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை. இந்தக் கிழமை செவ்வாயில் விடுமுறை என்றால் அடுத்த கிழமை புதனில். "சம்பளத்தை எண்ணுமுன் சந்திரனை எண்ணினோம்" என்று சிரித்தார். வெளிநாட்டு வாணிகத்துக்கு இது பொருந்தாமையால் பழைய முறை மீண்டது. பூரணை மட்டும் பொது விடுமுறையாக இன்றுவரை நிலைத்திருக்கின்றது.

விழாவுக்குத் தடை சொல்ல ஆளில்லாமற் போகவில்லை. ஆடி மாதத்தில் கொண்டாட்டமா என்று அயல்வீட்டு மாமி கேட்டார். "பிறைக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? அது தன் பாட்டில் வருகுது" என்பது அன்னையாரின் விடை. மண்டபம் எடுக்கலாம் என்றார் அண்ணர், அதற்கும் மறுப்பு. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களுக்கிடையில் அந்நாள் அமைந்தமையால் வீட்டில் மச்சம் புகாத காலம். அன்றே வரலட்சுமி விரதமும் ஆதலின், எம் இல்லாள் கோயிலிற் காப்புக் கட்டி வந்த பின்னரே அடுப்பு முழுவேகம் கொண்டது. பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, பூசணிக்காய்க் கறி, பயிற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய், வடை, பாயாசம். வாழையிலையின் முன் சம்மணமிட்டு அமர அண்ணரின் மகன் பட்ட பாட்டைக் கண்டு இரங்கி, அன்னையார் அவனுக்கு ஒரு பலகை கொடுப்பித்தார். பதினான்கு வயதுப் பிள்ளை. தமிழ் விளங்கும், பேச வராது. பாயாசத்தை மட்டும் தமிழிலேயே இரண்டாம் முறை கேட்டான்.

இனி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவ்வெள்ளி இரவு எம் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. மகளுக்கு நவம்பரில் உயர்தரப் பரீட்சை. சனியும் ஞாயிறும் அவளுக்கு நான்கு வகுப்புக்கள். "மூன்று மாதந்தான் கிடக்குது, படம் பிறகும் பார்க்கலாம், பரீட்சை பிறகு வராது" என்றார் இல்லாள். பட்டம் பெற்ற ஆசிரியராகிய நாம் இதற்கு ஒரு விடை வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை. எம் நெஞ்சிலும் அதே அச்சமே இருந்தது. ஒரு வினாத்தாளின் இரண்டு புள்ளியில் பல்கலைக்கழக வாயில் மூடப்படும் நாட்டில், இரண்டு நாள் என்பது எந்தத் தாய்க்கும் சிறிதன்று. தீர்ப்பு வழங்கியவர் அன்னையார்: "அவள் என்னோடு வரட்டும். புத்தகத்தையும் கொண்டு வரட்டும்." அவ்வாறே புத்தகமும் மூன்று நாள் எங்களோடு சுற்றியது. எத்தனை பக்கம் திறக்கப்பட்டது என்பதை நாம் கேட்கவில்லை, இல்லாளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை நகரத்துத் திரையரங்குக்குப் புறப்பட்டோம். வழிநெடுகிலும் அன்னையார் வின்சர், ரீகல், வெலிங்டன், ராணி, மனோகரா என்று தமது காலத்துக் கொட்டகைகளின் பெயர்களை அடுக்கினார். 1959 இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை ஊரார் வண்டி பிடித்து வந்து பார்த்ததும், திரும்புகையில் வண்டிக்காரன் வீடுவரை வசனம் பேசிக்கொண்டே மாட்டை ஓட்டியதும் அவர் கூற நாம் நூறு முறை கேட்டவை. நூற்றோராவது முறையும் இனித்தது. நாம் பார்த்த புதுப்படத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. இடைவேளைவரை பதினேழு பேர் மாண்டதாக இளையவன் கணக்குச் சொன்னான். ஒலியோ நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. அன்னையார் கைப்பையிலிருந்து பஞ்செடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கிப்போனார்.

வீடு திரும்பிய பின்னரும் பிள்ளைகளுக்கு உறக்கமில்லை. அண்ணர் தமது கணினியில் 'பொன்மணி'யைப் போட்டார். சிங்களவரான தர்மசேன பத்திராஜா இயக்கி 1977 இல் வெளிவந்த தமிழ்ப்படம் அது, யாழ்ப்பாணத்திலேயே எடுக்கப்பட்டது. அவர் அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தவர். சண்டையில்லை, வேகமில்லை. சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தை எவ்வாறு நெரிக்கின்றன என்பதே கதை. இளையவன் பத்தாம் நிமிடத்தில் உறங்கிவிட்டான். மகளும் அண்ணரின் மகனும் இறுதிவரை இருந்தனர். பாதியில் அந்தப் பையன் திடீரெனக் கேட்டான்: "சீதனம் என்றால் என்ன?"

நாம் விளக்க வாயெடுத்தோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைச் சொத்துண்டு என்று ஆசிரியத் தொழிலுக்குரிய முறையில் தொடங்கியிருப்போம். அன்னையார் முந்திக்கொண்டார்: "நாளைக்குக் காட்டுறன்."

அண்ணரின் முகம் சற்று மாறியதை நாம் கவனித்தோம். அதற்குக் காரணம் உண்டு. அன்னையாரின் சீதனக் காணி மயிலிட்டியில் இருக்கின்றது. நான்கு பரப்பு. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது நாமும் பத்து வயதில் அவ்வூரை விட்டு வந்தோம். பின்னர் கொக்குவிலே ஊராயிற்று. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனையடுத்த சிறு பகுதியும் மக்களுக்கு விடப்பட்டன. எமது காணி அதற்குப் பிந்திய தவணையொன்றில் வந்தது. அக்காணியை விற்றுவிடலாம், அம்மாவைக் கனடாவுக்கு அழைத்துச் செல்லலாம் என்பது அண்ணர் வரும்போதே கொண்டுவந்த எண்ணம். வந்த முதல் வாரத்திலேயே விலையும் விசாரித்திருந்தார். அவரைப் பிழைசொல்ல இயலாது. முப்பது ஆண்டு பனியில் உழைத்து எம்மையும் படிப்பித்தவர்; தாயைத் தம்முடன் வைத்திருக்க விரும்புவது குற்றமா? அன்னையாரோ அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை முதலிற் கீரிமலை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்கள் வழியே நிலத்துள் இறங்கி, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படும் அற்புதம் அது. சுவருக்கு இப்பால் நன்னீர்க் கேணி, அப்பால் உப்புக்கடல். நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கியதாக ஐதிகம். 2012 இல் எந்தையாரின் அந்தியேட்டிக் கிரியையும் அங்கேதான் நடந்தது. ஆண்கள் கேணியில் அண்ணர் மூன்று முறை மூழ்கி எழுந்தார். அவர் கண் சிவந்திருந்தது நீரினாலோ வேறெதனாலோ நாம் அறியோம்.

அங்கிருந்து காங்கேசன்துறை வழியாக மயிலிட்டி. வீட்டில் எஞ்சியது அத்திவாரமும் இரண்டு படிகளும். வேலி இருந்த சுவடில்லை. அயற் காணிகளும் எமது காணியும் ஒரே பற்றையாய்க் கிடந்தன. எல்லை எதுவென எமக்குத் தெரியவில்லை. அண்ணருக்கும் தெரியவில்லை. அன்னையார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பொல்லை ஊன்றி நேரே நடந்தார். பற்றையின் நடுவே கிணற்றுக்கட்டு இருந்தது. அதன் விளிம்புச் சீமெந்தில் 1971 என்ற எண் கீறப்பட்டிருந்தது. எந்தையார் ஈரச் சீமெந்தில் ஆணியாற் கீறியது. அவர்கள் மணமுடித்த ஆண்டு.

"இதுதான் சீதனம்" என்று பேரனிடம் சொன்னார். பிறகு அண்ணரைப் பார்த்து, "பெரியவன், இது பங்குக் கிணறு. மூன்று வீட்டுக்குப் பங்கு. ஒரு பங்குகாரர் நோர்வேயில், மற்றவர் வன்னியில். நீ விலை கேட்டாயே, கிணற்றை என்ன சொல்லி விற்பாய்?" என்றார். குரலிற் கோபம் சிறிதுமில்லை.

அண்ணர் கிணற்றுள் எட்டிப் பார்த்தபடி நின்றார். உள்ளே தண்ணீர் இருந்தது. வானமும் ஒரு துண்டு தெரிந்தது.

"எனக்குக் கனடா வர விருப்பமில்லை என்றில்லை" என்று அன்னையாரே தொடர்ந்தார். "குளிருக்கு முன் ஒருக்கால் வந்து பார்க்கிறன். ஆனால் இது இவளுக்கு." எமது மகளின் தோளைத் தொட்டார். மகள் இதனை எதிர்பார்க்கவில்லை; நாமுந்தான். நகரத்திலே வளர்ந்த பெண், பரீட்சை முடிந்தால் எங்கே போவாளோ, யார் அறிவார்? "சீதனம் வேண்டாம் அப்பம்மா" என்றாள் மெதுவாக. முதல்நாள் இரவு பார்த்த படம் அவள் மனத்தில் நின்றதுபோலும். "சீதனமாக இல்லையடி. உன்ர பேரில் எழுதுறன். நீ கலியாணம் கட்டினாலும் உன்ர, கட்டாவிட்டாலும் உன்ர" என்றார் அன்னையார். இல்லாள் எம்மைப் பார்த்தார். நாம் கிணற்றைப் பார்த்தோம்.

எவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அன்னையார் கிணற்றிலிருந்து எல்லை சொல்லத் தொடங்கினார். கிழக்கே இத்தனை அடி, வடக்கே இத்தனை அடி. அண்ணரும் அவர் மகனும் பற்றையை விலக்கி விலக்கி அளந்தனர். பழைய பனையொன்றின் அடிக்குற்றி சொன்ன இடத்திலேயே அகப்பட்டது. மகள் தன் கணிதப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினாள்: ஒரு பக்கம் 110 அடி, மறுபக்கம் 99 அடி. பெருக்கினால் 10,890 சதுர அடி. நான்கு பரப்புக்குச் சரி. சுற்றளவு 418 அடி. படலைக்கு எட்டடி விட்டு, அடிக்கொன்றாக நட்டால் 410 கதியால் வேண்டும் என்றாள்.

"ஐப்பசி மழைக்கு முன் நட்டால்தான் தளைக்கும்" என்றார் அன்னையார்.

அண்ணர் காற்சட்டையில் ஒட்டிய நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நெடுநேரஞ் சென்று எம்பக்கம் திரும்பி, "தம்பி, நல்ல கிளுவைக் கதியால் இப்ப என்ன விலை போகுது?" என்று கேட்டார்.