தார் வண்டியும் முரட்டுப் பெயரும்

தெருவுக்கு இரண்டு தார் நிற்கிற காலம் இது. பெரிய டயரும் உயரமும் பார்த்தாலே மலையைப் புரட்டிவிடும் போலிருக்கிறது. "உண்மையிலேயே அவ்வளவு உறுதியான வண்டியா?" என்று நடைப்பயிற்சி நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்கப் போவது மகன் அல்லது பேரன். முன்பணம் பெரும்பாலும் நம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து போகிறது. அதனால் கேட்பதில் தப்பில்லை.

அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. தாசில்தார், வனத்துறை, போலீஸ் என்று நாம் பார்த்த ஜீப்புகளெல்லாம் அந்த வம்சம். உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். ஆனால் நடுக்காட்டில் நின்றாலும் இரண்டு ஸ்பேனரை வைத்துக் கிளப்பிவிடுவார்கள்.

2020-ல் வந்த புதிய தாரும் வெறும் வேஷமல்ல. தரையிலிருந்து 226 மி.மீ. உயரம். 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்கிறது கம்பெனி. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. மாருதி ஜிம்னி உருவத்தில் சிறியது என்றாலும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு, ஏற்றத்துக்குத் தனிக் கியரும் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனைக்கு வந்தது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். களிமண்ணில் இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும். ஊருக்குள் ஓட்ட அதுவே போதும். ஆனால் அதை வாங்கிவிட்டு ஆற்று மணலில் இறங்குவது அறியாமை.

நான்கு சக்கர இழுவை இருந்தாலும் அது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வண்டி உயரமாக இருப்பதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் அபாயமும் கூடுதல்.

எனக்கு அதிகப் பயம் தண்ணீர்தான். 650 மி.மீ. என்பது தேங்கி நிற்கும் நீரில் மெதுவாகப் போவதற்கான கணக்கு. ஓடும் வெள்ளம் இரண்டடி இருந்தாலே பெரிய காரையும் தூக்கிவிடும். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை பட்டதை நாம் பார்த்தோம். காற்றுக் குழாய் வழியே இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காவிட்டால் பல இன்ஷூரன்ஸ் பாலிசிகள் அந்தச் செலவைத் தருவதில்லை.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஏறவேண்டும். அந்தக் கல்லுப் பாதையில் சுற்றுலாக்காரர்களைத் தினமும் ஏற்றிப் போகிறவை ஜீப்புகள், அவற்றில் பழையவையும் நிறைய. ஓட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். வேகம் காட்ட மாட்டார்கள். முரட்டு வண்டி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் செய்வது அந்த நிதானம்.

என்னைக் கேட்டால், வண்டி தன் பெயரைக் காப்பாற்றுகிறது. அந்தப் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொள்ளும் பையன்களைத்தான் நம்ப முடியவில்லை. காசு கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நான்கு சக்கரமும் இழுக்குமா? வெள்ளத்தைக் கண்டால் திரும்பி வருவாயா? மூன்று கதவுத் தாராக இருந்தால், பின் சீட்டில் நம் முழங்காலோடு ஏற முடிகிறதா என்றும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.