பூவைத் திருத்தாதீர், பார்வையைத் திருத்துவீர்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தனிப் பெயர் சூட்டி மகிழ்ந்தவர்கள் நம் முன்னோர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்கள் 99. உற்றுப் பாராமல் இத்தனை பெயர்கள் பிறந்திருக்க முடியுமா? அவர்களிடம் காமிரா இல்லை, கண் இருந்தது. இன்று நம்மிடம் காமிரா இருக்கிறது. கைப்பேசி உள்ள ஒவ்வொருவரும் புகைப்படக் கலைஞரே. தோட்டத்தில் ஒரு ரோஜா மலர்ந்தால் மாலைக்குள் அதற்குப் பத்துப் படங்கள். ஆனால் அப்படங்களை எடுத்தவரிடம், "இப்பூவுக்கு இதழ்கள் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி எண்ணத் தொடங்குவார்!

பூக்களை அருகில் நின்று படம் எடுப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அது ஒரு கல்வி. அதைக் கல்வியாகக் கொள்ளாமல் அலங்காரமாகக் கொண்டதால்தான் நம் பூப்படங்கள் பளபளக்கின்றனவே தவிரப் பேசுவதில்லை. எடுத்த பின் படத்தைத் திருத்துவதில் நாம் காட்டும் அக்கறையை, எடுக்குமுன் பூவைப் பார்ப்பதில் காட்ட வேண்டும். இதுவே நான் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

விலையுயர்ந்த காமிரா வேண்டுமா?

"நல்ல பூப்படம் எடுக்கப் பல ஆயிரம் ரூபாய் லென்ஸ் வேண்டும், அது நமக்கு எட்டாது" என்று சொல்லி ஒதுங்கும் நண்பர்கள் பலர். வரலாறு இதற்கு வேறு விடை தருகிறது. ஆங்கிலப் பெண்மணி அன்னா அட்கின்ஸ் 1843-இல் கடற்பாசிகளின் படங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்கள் கொண்ட முதல் நூல் என்று அது போற்றப்படுகிறது. அதற்கு அவர் காமிராவையே பயன்படுத்தவில்லை. மருந்து பூசிய தாளின்மேல் பாசியை வைத்து, வெயிலில் காட்டி, நீல நிறப் படங்களாக்கினார். ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட், கலை மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்பிப்பதற்காகவே செடிகளையும் மொட்டுகளையும் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்தார். தாமே செய்துகொண்ட காமிராவில் பல ஆண்டுகள் எடுத்த அப்படங்கள் 1928-இல் நூலாக வந்தபோது உலகம் வியந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்காம் கல்லூரியில் படித்தது வேதியியல். படிப்புச் செலவுக்காகத் தாவரவியல் துறைக்குப் படங்கள் தயாரித்துத் தந்தவர் அவர். பின்னாளில் சிறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த காலத்தில், தோட்டத்துப் பூக்களையே படம் எடுத்துப் புகழ் பெற்றார். இம்மூவர் வரலாறும் கூறுவது என்ன? கருவியின் விலையைவிடப் பார்க்கும் பொறுமையே பெரிது என்பதுதான்.

நம்மில் பலரிடம் இருப்பது சாதாரணக் கைப்பேசி. சிலர் வீட்டில் அதுவும் எல்லோருக்கும் பொது. அது போதும். கைப்பேசிக் காமிராவின் உணர்தகடு சிறியது; ஆகவே பெரிய காமிராவைவிட அதில் பூவின் அதிகமான ஆழம் தெளிவாகப் பதியும். செய்ய வேண்டியதெல்லாம், பூவின்மீது முட்டுமளவு நெருங்காமல் ஒரு சாண் தள்ளி நிற்பது, சூலகமுடி இருக்கும் இடத்தைத் திரையில் விரலால் தொட்டுக் குவியத்தை நிறுத்துவது, ஒளியைச் சற்றுக் குறைப்பது, தேவையான பகுதியைப் பின்னர் வெட்டி எடுத்துக்கொள்வது. இவ்வளவே.

செம்பருத்தி கற்பிக்கும் பாடம்

எடுத்துக்காட்டாகச் செம்பருத்தியைப் பார்ப்போம். ஏறக்குறைய எல்லோரும் அதை நேர் எதிரே நின்று எடுக்கிறார்கள். ஐந்து இதழ்களும் வட்டமாகத் தெரியும், அழகுதான். ஆனால் அப்பூவின் சிறப்பே, மகரந்தத் தாள்கள் ஒன்றாக இணைந்து ஒரு குழலாகி, அக்குழலின் வழியே சூலகத் தண்டு வெளிவந்து, நுனியில் ஐந்து சிவந்த பொட்டுகளாகப் பிரிவதில் இருக்கிறது. நேர் எதிரே நின்றால் அக்குழல் நம் கண்ணை நோக்கி நீண்டு, ஒரு புள்ளியாகக் குறுகிவிடுகிறது. சூலகமுடி தெளிந்தால் இதழ் மங்கும். இதழ் தெளிந்தால் சூலகமுடி மங்கும்.

இது இயற்பியல். பொருளை நெருங்க நெருங்கத் தெளிவின் ஆழம் குறையும். முழுச்சட்டக் காமிராவில் பூவை அதன் உண்மை அளவிலேயே பதிக்கும்போது, துளையை எஃப்/11 என்று சிறிதாக்கினாலும் தெளிவாக இருப்பது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழம்தான். செம்பருத்தியின் குழலோ பல சென்டிமீட்டர் நீளம். அப்படியானால் என்ன செய்வது? பக்கவாட்டில் வந்து அமருங்கள். குழல் முழுவதும் லென்ஸுக்கு இணையாக அமையும்படி பாருங்கள். இப்போது அடி முதல் நுனி வரை தெளியும். மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பச்சைப் புல்லி வட்டமும், அதற்குக் கீழே புறப்புல்லி வட்டமும் கூடத் தெரியும். கோணத்தை மாற்றியதால் படம் அழகானது, பாடமும் ஆனது. எந்தத் திருத்தமும் பின்னால் இதைச் செய்து தர முடியாது.

நிறமும் அப்படியே. காமிரா சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்தே நிறத்தைப் பதிகிறது. வெயிலில் நிற்கும் செம்பருத்தியில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். இதழின் நரம்புகள் மறைந்து, சிவப்பு மை கொட்டியது போலாகும். வெள்ளைப் பூவுக்கும் இதே தொல்லை. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே நந்தியாவட்டை பூத்திருக்கும்போது, காமிரா இலையின் இருளைப் பார்த்து ஒளியைக் கூட்டும். பூ சுண்ணாம்புத் திட்டாகிவிடும். எடுக்கும்போதே ஒளியைக் குறைத்துக்கொண்டால் நரம்பும் நிழலும் நிற்கும். பதியாத நரம்பைப் பின்னால் எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. வேண்டுமானால் புதிதாக வரையத்தான் முடியும். அது படம் எடுப்பதாகுமா?

நேரமும் நிழலும்

பூவுக்கு ஒரு நேரம் உண்டு. என் தாயார் பூத்தொடுத்து விற்பவர். மல்லிகையை விடியலில் மொட்டாகப் பறிக்க வேண்டும், மாலையில்தான் அது மலரும் என்பது எங்கள் வீட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்திமந்தாரை பிற்பகல் சாய்ந்த பின்னரே கண் திறக்கும். செம்பருத்தி காலையில் விரிந்து பெரும்பாலும் அன்றே சுருங்கிவிடும். பூக்காரர்களுக்குத் தெரிந்த இந்த நேரக்கணக்கு, படம் எடுப்பவர்களுக்குத் தெரியாமல் போகலாமா?

காலை வேளையே பெரும்பாலும் நல்ல வேளை. காற்று அடங்கியிருக்கும், ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும். உச்சி வெயிலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், நண்பர் ஒருவரை ஒரு வெள்ளை வேட்டியைப் பூவுக்கு மேல் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கூர்மையான நிழல்கள் கரைந்துவிடும். மறுபுறம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் இருண்ட பக்கமும் விளங்கும். பூவுக்குப் பின்னே குப்பைத்தொட்டியும் மிதிவண்டியும் தெரிந்தால், ஓர் அடி நகர்ந்து நில்லுங்கள். தொலைவிலுள்ள இலைப்பரப்பு பின்னணியாகட்டும். பூவைச் சட்டத்தின் நட்டநடுவில் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அது எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் சற்று இடம் விடுங்கள். படம் மூச்சு விடும்.

திருத்தம் எது? திரிபு எது?

படத்தைத் திருத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நிழலில் எடுத்த படம் நீலம் பாய்ந்திருந்தால் அதைச் சரி செய்வது நேர்மை. ஏனெனில் பூ நீலம் பாய்ந்திருக்கவில்லை. ஓரத்தை வெட்டுவது, ஒளியைச் சமன் செய்வது, லென்ஸில் ஒட்டிய தூசியின் புள்ளியை நீக்குவது ஆகியனவும் அவ்வகையே. பூவின் உண்மைக்குப் படத்தை நெருங்க வைப்பது திருத்தம். பூவின் உண்மையிலிருந்து படத்தை விலக்குவது திரிபு. இந்த எல்லைக்கோட்டைத்தான் நாம் மறந்து வருகிறோம்.

நம் மாநில மலரான செங்காந்தளைப் பாருங்கள். அது மலரும்போது பசுமையும் மஞ்சளும் கலந்து, நுனியில் சிவந்து, நாளாக ஆக முழுவதும் சிவப்பாகிறது. அந்நிறம் அப்பூவின் வயது. ஒருவர் படத்தில் சிவப்பைக் கூட்டிவிட்டால், இளம்பூ முதுபூவாகிவிடுகிறது. பார்ப்பவர் கைதட்டலாம், தாவரவியல் மாணவன் ஏமாறுகிறான்.

சங்குப்பூவில் பெரிய கொடியல்லி கீழ்ப்புறமாகத் தாழ்ந்திருக்கும். சிறகல்லிகளும் படகல்லிகளும் மேலே இருக்கும். அவரைக் குடும்பத்துப் பூக்கள் பெரும்பாலானவற்றில் இது தலைகீழ். வந்து அமரும் தேனீக்கு அக்கொடியல்லியே மேடை. மகரந்தம் அதன் முதுகில் படும். "இப்படி வைத்தால்தான் எடுப்பு" என்று ஒருவர் படத்தைச் சுழற்றி வைத்தால், பூவின் இந்த ஏற்பாடு முழுவதும் அழிந்துபோகிறது. ஒரு சிறு சுழற்றல்தான். ஆனால் அது ஒரு பொய்.

இதுபோலவே, நண்பகலில் தண்ணீர் தெளித்துப் பனித்துளி என்று காட்டுவதும், இலையைக் கிள்ளி எறிவதும், பூவைப் பறித்து வேறு செடியில் செருகுவதும் எனக்கு உடன்பாடில்லை. தெளித்த நீரில் மகரந்தம் கட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. பறித்த பூ அடுத்து வரும் வண்டுக்கு இல்லை. நாளை வந்து பார்க்கும் மாணவனுக்கும் இல்லை. ஆய்வகத்தில் பூவைப் பிரித்துப் பார்க்கிறோமே என்று கேட்கலாம். அங்கே ஒரு பூவைக் கொடுத்து அறிவைப் பெறுகிறோம். இங்கே எதைப் பெறுகிறோம்?

"கலைக்கு உண்மை எதற்கு?"

"கலை என்றால் கற்பனை, கலைஞன் கையைக் கட்டலாமா?" என்று நண்பர்கள் என்னிடம் வாதிடுவதுண்டு. நியாயமான கேள்வி. கலைஞன் தாராளமாகக் கற்பனை செய்யட்டும். நீல ரோஜாவைப் படைக்கட்டும். ஆனால் "இது என் கற்பனை" என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும். பிளாஸ்ஃபெல்ட் செடிகளைப் பறித்து, வெற்றுப் பின்னணியில் வைத்துத்தான் எடுத்தார். வடிவம் கற்பிப்பதே தம் நோக்கம் என்பதை அவர் மறைக்கவில்லை. சொல்லிச் செய்வது கலை. சொல்லாமல் செய்வது கலப்படம்.

இன்று இக்கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. தோட்டமே இல்லாமல், பூவே இல்லாமல், நான்கு சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு ஒரு பூவைப் படைத்துத் தருகிறது. அதில் செம்பருத்திக்கு ஆறு இதழ்கள் வந்தாலும் வியப்பதற்கில்லை. பூவை ஒருமுறையும் உற்றுப் பாராத தலைமுறைக்கு அது பிழை என்றே தெரியாது. உண்மைப் பூவின் படமும் பொய்ப்பூவின் படமும் ஒன்றுபோல் பளபளக்கும் நாளில், உண்மையை அறிய நமக்கு மிஞ்சுவது உற்றுப் பார்த்த கண் ஒன்றே. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மைப் போன்றோர் இங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டிய செல்வமும் அதுவே.

செய்ய வேண்டியவை

கல்லூரி விழாக்களில் நடக்கும் புகைப்படப் போட்டிகளுக்கு மூன்று விதிகளை வேண்டுகிறேன். திருத்திய படத்தோடு திருத்தாத மூலப்படத்தையும் தர வேண்டும். பூவின் பெயர், எடுத்த இடம், நாள், நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். பறிக்காத பூவாக இருக்க வேண்டும். இம்மூன்றும் எவருக்கும் ஒரு காசு செலவு வைக்காதவை.

அடுத்து, துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நம் வளாகத்தில் பூக்கும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம் என்று ஒரு படத்தொகுப்பை மாணவர்களே உருவாக்க வழிகாட்டுங்கள். ஒரே பூவை அரும்பு முதல் செம்மல் வரை, முன்னும் பக்கமும் பின்னும், ஓர் அளவுகோலோடு சேர்த்து எடுப்போம். காகிதப்பூவின் வண்ண இதழ்கள் உண்மையில் இதழ்களல்ல, பூவடிச் செதில்கள். நடுவிலுள்ள சிறு வெண்குழல்களே பூக்கள் என்பதை நூறு முறை மனப்பாடம் செய்வதைவிட, ஒருமுறை அருகிருந்து படம் எடுத்தால் மறக்காது. ரோஜாவுக்கும் ஆர்க்கிட்டுக்கும் மட்டும் அந்தத் தொகுப்பில் இடம் என்று எண்ணாதீர்கள். மதிற்சுவர் ஓரத்தில் மிதிபடும் மூக்குத்திப்பூவும் காத்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! நாளைக் காலை வகுப்புக்கு முன் பத்து நிமிடம் ஒரு செடியருகே குந்தி அமருங்கள். முதல் ஐந்து நிமிடம் காமிராவைத் தொடாதீர்கள். இதழை எண்ணுங்கள், மகரந்தத்தைப் பாருங்கள், எறும்பு எங்கே போகிறது என்று கவனியுங்கள். பிறகு எடுங்கள். அந்தப் படத்திற்குத் திருத்தம் அதிகம் தேவைப்படாது.